அண்ணனைத் திருத்தியது

ஆளை நோகடிக்காமல் திருத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் முகாமில் எனக்கு ஒரு பேர் உண்டு. இப்போது யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் அண்ணன் செத்து இரண்டு வருடமாகிறது. அவனை நான் ஒரே ஒரு தடவைதான் திருத்தினேன், அதுவும் நோகடிக்காமல். அதை எழுதாமல் இனிமேல் இருக்க முடியாது போலிருக்கிறது.

இலங்கை ராணுவத்தில், எங்கள் பேச்சில் ஆமியில், மரியாதைக்கு அளவும் முறையும் உண்டு. ஆபீஸர் எதிரே வந்தால் கை நெற்றிக்குப் போக வேண்டும். தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது கை பொக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. என்னைப் போன்ற சார்ஜன்டுக்குச் சல்யூட் கிடையாது, அது ஆபீஸர்மாருக்கு மட்டும்தான். ஆனால் சார்ஜன்ட் வந்தால் சிப்பாய் எழுந்து, குதிகால் இரண்டையும் சேர்த்து, நேராக நிற்க வேண்டும். ரேங்க் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் உடனே யாராவது கத்துவார்கள். கத்துவதற்கென்றே பிறந்தவர்கள் எங்கள் தொழிலில் நிறைய இருக்கிறார்கள்.

நான் கத்த மாட்டேன். பொக்கெட்டுக்குள் கையோடு திரிகிற பையனின் பக்கத்தில் போய் நடப்பேன், இன்றைக்குக் குளிர் எப்படி என்று சிங்களத்தில் கேட்பேன், அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் கை வெளியே வந்துவிடும். ஆபீஸரைக் கவனிக்காமல் போகிறவனுக்கு அரை நொடி முந்தி நான் சல்யூட் அடிப்பேன், அவன் கை தானாக மேலே போகும். மூன்றாவது ஆள் முன்னால் யாரையும் திருத்துவதில்லை. ஒரு நாளில் ஒரு பிழைக்கு மேல் சொல்வதில்லை. சொல்லி முடித்ததும், இது தனக்கு முன்பே தெரியும் என்று அவன் காட்டிக்கொள்ள ஒரு வழி விட்டுவிடுவேன். ஆபீஸர்மாரே சில பேரை என்னிடம் அனுப்புவார்கள். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

கத்துவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஆமியில் இல்லை. எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஏறிப்போக வேண்டிய தேயிலைத் தோட்டம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அம்மா கூடையை இறக்கிவிட்டு நிற்பாள். முற்றல் இலை கலந்திருக்கிறது என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அய்யா எல்லாப் பெண்களும் பார்த்திருக்க வாய்க்கு வந்தபடி ஏசுவார். அம்மா தலையை நிமிர்த்த மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் அண்ணனும் ஓரமாக நின்று பார்ப்போம். எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பத்து. ஒரு நாள் அண்ணன், "எங்கம்மாவ ஏசாதீங்க!" என்று ஒரு கத்துக் கத்தினான். மடுவமே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அப்பாவிடம் அவன் வாங்கிய அடி, வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தின் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டிருக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் அதே அப்பாவின் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

எங்கள் வீடு அப்படித்தான். கத்துவோம், தட்டை வீசுவோம், பிறகு ஒன்றாகச் சாப்பிடுவோம். நான் மட்டும் தனி ரகம். சின்ன வயதில் எனக்கு நெஞ்சு இழுப்பு இருந்தது. மழையில் நனைந்தால் இரண்டு நாளைக்கு மூச்சு விசிலடிக்கும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு மழை வந்தால் அண்ணன் என்னை நடக்கவிட மாட்டான். முதுகில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, மலைப் படிக்கட்டில் ஏறுவான். அவனும் பிள்ளைதான். மேலே வந்து சேரும்போது அவன் மூச்சு என் மூச்சை விட மோசமாக இருக்கும்.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, பதினெட்டு வயதில் நான் ஆமியில் சேர்ந்தேன். லயத்தில் பாதிப் பேர் அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன்தான் வீட்டுக்கு வீடு போய் எனக்காகச் சண்டை பிடித்தான். "என் தம்பி களவா எடுத்தான்? வேலைக்குத்தானே போயிருக்கான்!" என்று பைப்படியில் நின்று கத்தினானாம். இரண்டு வருடத்தில் அவனும் வந்து சேர்ந்தான். அவனுடைய படிவத்தை நிரப்பியது நான்தான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், கையெழுத்து ஒழுங்காக இருக்கும், வாய் குறைவு. மெல்ல மெல்ல மேலே ஏறினேன். அண்ணனுக்கு வாய் அதிகம், மேலே ஏற ஆசையும் இல்லை. கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தான். நான் சார்ஜன்ட் ஆன வருடம், ஆபீஸரிடம் கெஞ்சிக் கேட்டு, அவனை நுவரெலியாப் பக்கம் இருந்த எங்கள் முகாமுக்கு வரவழைத்தேன். அதையும் நானேதான் செய்தேன்.

அறுபது பேர் இருந்த அந்த முகாமில் தமிழர் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் வந்த முதல் நாளே மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து, "டேய் தம்பி! சாப்பிட்டியா?" என்று கூப்பிட்டான். சார்ஜன்ட்மார் சாப்பிடுகிற இடத்துக்குச் சிப்பாய்கள் வரக் கூடாது. அண்ணன் யன்னல் பக்கமாக வந்து, வீட்டிலிருந்து அண்ணி கொடுத்தனுப்பிய ரொட்டியையும் கட்டாச் சம்பலையும் உள்ளே நீட்டுவான். நான் நின்றுகொண்டு வேலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் கல்லில் உட்கார்ந்தபடியே, "நீ என்னடா இப்புடி மெலிஞ்சு போயிட்ட?" என்பான். எல்லாம் பிழை. ஒவ்வொன்றுக்கும் வேறு யாரையாவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டிருப்பேன். அவனை விட்டுவிட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண் சரிந்து, லயத்துக்குப் போகிற பாதையை மூடிவிட்டது. உயிர்ச் சேதம் இல்லை. மண்ணை அள்ளிப் பாதையைத் திறக்க எங்களில் இருபது பேரை அனுப்பினார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினோம். மூன்றாவது நாள் பெரிய ஆபீஸர் ஒருவர் வேலையைப் பார்க்க வந்தார். எங்களுக்குப் பொறுப்பாக வந்திருந்த சின்ன ஆபீஸர் தொப்பியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார். நான் ஆட்களை மூன்று வரிசையாக நிறுத்தி, முன்னால் வந்து, சல்யூட் அடித்த கையை இறக்காமலே, இத்தனை பேர் வேலையில், இத்தனை பேர் சமையலில் என்று கணீரென்று சொல்லத் தொடங்கினேன். தோட்டத்துச் சனமும் வேலியோரம் நின்று பார்த்தது. தமிழ்ப் பையன் ஒருவன் ஆமிக்காரர்களை வரிசையில் நிறுத்தி அறிக்கை கொடுப்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மழைக்காக அறிக்கை நிற்காது.

அண்ணன் சமையல் வேலையில் இருந்தான். தேத்தண்ணி வாளியோடு மண்டபத்துக்குப் பின்னாலிருந்து வந்தவன் நான் நனைவதைப் பார்த்திருக்கிறான். அங்கே அடுக்கியிருந்த வெற்று உரச் சாக்கு ஒன்றை எடுத்து, ஒரு மூலைக்குள் மறு மூலையை மடித்தான். அப்படி மடித்துத் தலையில் மாட்டினால் இடுப்புவரைக்கும் மூடும். தோட்டத்தில் மழைக்கு நாங்கள் எல்லாரும் செய்வது அதுதான். வாளியை வைத்துவிட்டு நேராக வந்து, சல்யூட்டில் இருந்த என் கையும் தொப்பியும் சேர்ந்து மறைகிற மாதிரி அந்தச் சாக்கை என் தலையில் கவிழ்த்தான்.

"நனையாதடா தம்பி. ஒனக்கு நெஞ்சு இழுக்கும்," என்றான்.

நான் சாக்குக்குள் நின்றேன். பிறகு பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான், அது மூன்று வரிசைக்கும் பரவியது. வேலியோரத்துச் சனமும் சிரித்தது. பெரிய ஆபீஸர் நல்ல மனிதர், அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. சாக்கின் விளிம்பை இழுத்து என் தோளில் சரிசெய்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பெரிய ஆபீஸர் போன பிறகு சின்ன ஆபீஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் முறைப்படியே, மூன்றாவது ஆள் இல்லாமல், குரலை உயர்த்தாமல் பேசினார். "எனக்கும் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், சார்ஜன்ட். எனக்கு விளங்குகிறது. ஆனால் இதை நீங்கள் சரிசெய்துவிடுங்கள். இதெல்லாம் உங்களுக்குத்தானே நன்றாக வரும்," என்றார்.

அன்று பின்னேரம் நான் மண்வெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ அண்ணனின் குரலிலேயே, "டேய் தம்பி!" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். எல்லாரும் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் இரண்டு தடவை அதே குரல். முகாமுக்குத் திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை. பத்து வருடம் பல்லைக் கடித்து வாங்கிய, சட்டைக் கையிலிருந்த மூன்று பட்டியும் ஒரு சாக்கால் கழன்று போனதாக எனக்குப் பட்டது. அண்ணன் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை அப்படியே கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டியிருக்கலாம். நான் நான்கு நாள் பொறுத்தேன். ஆத்திரம் வடியும்வரை ஆளைத் திருத்தக் கூடாது என்பதும் என் முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கந்தப்பளை டவுனுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் சாதாரண உடுப்பில் இருந்தோம். அங்கே முஸ்லிம் நானா ஒருவரின் தேத்தண்ணிக் கடை, மூலை மேசை. பாலில்லாத பிளேன்டியும் ரோல்ஸும் வந்தன. அண்ணன் ஒரே சந்தோஷமாக இருந்தான். தம்பி வெளியே கூட்டிப்போகிறான் என்று சட்டையை அயர்ன் பண்ணி வேறு போட்டிருந்தான்.

"அண்ணே, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றேன்.

"கோவிச்சுக்குவேன். கேளு."

"நம்ம சின்ன ஆபீஸருக்கு என்ன வயசு இருக்கும்?"

"இருவத்தி நாலு இருக்கும். மீசையே இன்னும் ஒழுங்கா மொளைக்கல."

"அவருக்கு நீ சல்யூட் அடிக்கிறியே, ஏன்ணே?"

"அடிக்காட்டி விடுவாங்களா? அவரு தோள்ல உள்ளதுக்குத்தானே அடிக்கிறோம்."

"அப்ப என் கையில உள்ளதுக்கு?"

அவன் என் கையைப் பார்த்தான். சுவெட்டர்தான் இருந்தது, பட்டி இல்லை. ஆனால் விளங்கிக்கொண்டான். ரோல்ஸைத் தட்டில் வைத்தான்.

"நீ என் தம்பிடா," என்றான்.

"இல்லன்னு யாருண்ணே சொன்னா? ஆமி காம்புல அறுவது பேரு இருக்கானுங்க. நம்ம ஆளுங்க ரெண்டே பேரு. அவனுங்க என்னய சார்ஜன்டா பாக்கணும்னா மொதல்ல நீ பாக்கணும்ல?"

அவன் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நான் ஒன்னய கேவலப்படுத்திட்டேனா?" என்று கேட்டான்.

"ச்சே, நீ தெரிஞ்சா செஞ்ச? நனையிறேன்னுதானே போர்த்துன," என்றேன். வழி விட்டுக் கொடுக்கிறேனாம்.

கிளாஸை மேசையில் வைத்தான். பிறகு, "சரிங்க சார்ஜன்ட்," என்றான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். எந்திரிச்சு நிக்கணும், குதிகால் சேரணும் என்றேன். அவன் அந்த இடுக்கில் எழுந்தான், முழங்கால் மேசையில் இடித்து பிளேன்டி சிந்தியது. நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. உட்காரும்போது அண்ணன் கேட்டான்:

"வீட்டுலயுமா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, போடா பைத்தியக்காரா என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பயிற்சி கொடுக்கிறவன். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று விட்டால் எந்தப் பழக்கமும் நிற்காது என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்.

"எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா நல்லதுண்ணே. இல்லாட்டி காம்புல வாய் தவறி வந்துரும்," என்றேன்.

"ம்," என்றான். ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டு முடித்தான்.

ஒரே வாரத்தில் மாறிவிட்டான். நான் வந்தால் முதலில் எழுகிறவன் அவன்தான். "சார்ஜன்ட்" என்பான், "நீங்க" என்பான், "வாங்க" என்பான். மைதானத்தில் கூப்பிடுவதில்லை. யன்னல் பக்கம் வருவதில்லை. ரொட்டிப் பார்சலை சமையற்காரரிடம் கொடுத்து அனுப்பினான். பையன்கள் இதைப் பார்த்தார்கள். அண்ணனே எழுந்து நிற்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பின்வரிசைக் குரல் நின்றுபோனது. சின்ன ஆபீஸர் என் தோளைத் தட்டினார். நானும் என் திறமையை நினைத்துப் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கு என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

தைப்பொங்கலுக்கு இரண்டு பேரும் லீவில் வீட்டுக்குப் போனோம். காலையில் நான் பைப்படியிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, பலகையில் உட்கார்ந்து மகளுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று எழுந்து நின்றான்.

"சுடுதண்ணி இருந்திச்சே சார்ஜன்ட், பச்சத்தண்ணியிலயா குளிச்சீங்க?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாள். அண்ணியும் சிரித்தாள். மத்தியானமும் அவன் அப்படியே பேசியபோது அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். சாயங்காலம் நான் உள்ளே நுழைய அவன் மறுபடி எழுந்தபோது, அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சண்டையாடா?" என்று கேட்டாள்.

"சண்டையா? என்னத்துக்கும்மா? அவரு பெரிய ஆளு, மரியாத குடுக்கணும்ல," என்றான் அண்ணன்.

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். குத்தல் இல்லை, கோபம் இல்லை, வருத்தம்கூட மேலே தெரியவில்லை. நான்கு வயது மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்து, என்னை "சார்ஜன் சித்தப்பா" என்று கூப்பிடத் தொடங்கினாள். லயம் முழுக்க அந்தப் பேர் ஓடியது.

லீவு முடிந்து ரயிலில் வரும்போது சொன்னேன். "அண்ணே, வீட்டுல வேணாம்ணே. நான் அன்னைக்குச் சொன்னத விட்டுரு."

"பழகிருச்சுங்க சார்ஜன்ட்," என்றான். வெளியே தலவாக்கலை வந்துகொண்டிருந்தது. அவன் பையை இறக்கத் தொடங்கினான், நாங்கள் இறங்க இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தும்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ வழி பார்த்தேன். அவன் முன்னால் வேண்டுமென்றே மழையில் நனைந்து நின்றிருக்கிறேன், எழுதவே கேவலமாக இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு கையில் ஒரு மழைக்கோட்டோடு வந்து, இரண்டு அடி தள்ளி நின்று, காலைச் சேர்த்து, அதை நீட்டினான். நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்னொரு நாள், சண்டை போட்டாவது உடைத்துவிட வேண்டும் என்று அவனை ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிப்போனேன். எங்கள் வீட்டு வழக்கப்படி நாலு கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினால் அவனும் கத்துவான், ஒரு அறை விடுவான், சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. "நீங்க... நீ இப்படி இருக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்குண்ணே," என்று ஏதோ விண்ணப்பம் கொடுக்கிற மாதிரி வந்தது. அவன் என் தலைக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்த்தபடி நேராக நின்று கேட்டுக்கொண்டான். "ஏதும் பிழை விட்டுட்டேனாங்க?" என்றான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பள்ளிக்கூட மண்டபத்து வாசலிலேயே சாக்கைத் தூக்கி எறிந்து, "அறிவிருக்கா ஒனக்கு?" என்று இருபது பேர் முன்னால் கத்தியிருந்தால் அண்ணன் என்ன செய்திருப்பான்? அவனும் கத்தியிருப்பான். ஆபீஸரைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இரண்டு பேருக்கும் தண்டனை கிடைத்திருக்கும், ஒன்றாகக் குந்தியிருந்து சட்டி கழுவியிருப்போம், கழுவும்போதே சிரித்திருப்போம். கண்டாக்கு அய்யாவின் ஏச்சு அம்மாவுக்கு மடுவத்தை விட்டு வந்ததும் பாதி மறந்துபோகும். மீதியை வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்துவிடுவாள். நான் அண்ணனைத் திட்டித் தீர்க்கவும் விடவில்லை. இதமாகச் சொல்லி, பிளேன்டி வாங்கிக் கொடுத்து, அவன் வாயாலேயே சரி என்று சொல்ல வைத்துவிட்டேன். அவன் என்னிடம் எதைச் சொல்லிக் கோபிப்பான்?

அடுத்த வருடம் அவனுக்கு வயிற்றில் நோவு வந்தது. முதலில் காஸ் என்றார்கள். பிறகு கட்டி என்றார்கள். கொழும்பில் அறுத்துப் பார்த்துவிட்டு மூடினார்கள். ஆமி மருத்துவர்கள் அவனை வேலையிலிருந்து விடுவித்தார்கள். வீட்டுக்குப் போனான். அவன் இனிமேல் சிப்பாய் இல்லை, நான் அவனுக்குச் சார்ஜன்ட் இல்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்தான நாளில், இவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும், எனக்குள் ஒரு அற்ப நம்பிக்கை எட்டிப் பார்த்தது. இனி என்னைத் தம்பி என்று கூப்பிடுவான் என்று நினைத்தேன். கட்டி வந்த அண்ணனைப் பற்றி ஒரு தம்பி நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தேன்.

கடைசியாக அவனை நான் பார்த்தது நுவரெலியாவில் ஆஸ்பத்திரியில். ஒரு மத்தியானம் ஒரு மணி நேர அனுமதியில் போனேன். யூனிபோர்மில் போகக் கூடாது என்று வழியில் தெரிந்தவர் வீட்டில் லுங்கிச் சாரத்துக்கும் பழைய சேர்ட்டுக்கும் மாறிக்கொண்டேன். செருப்புக்கூட ரப்பர் செருப்புத்தான். லயத்தில் அவன் பார்த்த தம்பியாக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது.

கட்டிலில் பாதி ஆள்தான் கிடந்தான். கன்னம் ஒட்டிப்போய், அப்பாவின் முகம் வந்திருந்தது. நான் வாசலில் நுழைந்ததைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தான். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். அப்போது போர்வை அசைந்தது. உள்ளே அவன் இரண்டு குதிகாலையும் சேர்த்துக்கொண்டிருந்தான். வலது கால் வந்துவிட்டது. இடது கால் வீங்கியிருந்தது, அது வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"வேணாம்ணே. விடுண்ணே," என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டீங்களா சார்ஜன்ட்? சாப்பிட்டீங்களா?" என்றான்.

பக்கத்துக் கட்டில்காரர் ஒரு பெரியவர், நம் சனம்தான். அவசரமாகத் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "ஒக்காருங்க அய்யா. இவரோட ஆபீஸருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நான் இவரு தம்பி," என்றேன்.

பெரியவர் நம்பாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஆமாம் என்று சொல்ல அவன் என் உத்தரவுக்குக் காத்திருந்தான்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தலையணைப் பக்கம் குனிந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு அந்தக் கடையில நான் சொன்னது பிழை. வீட்டுலயும் வேணும்னு சொன்னேன் பாரு, அது பெரிய பிழை. இப்ப நீ ஆமியில இல்ல. நானும் இப்ப வெறும் ஆளுதான், பாரு, சாரத்தோட வந்திருக்கேன். ஒரே ஒரு தடவ 'டேய் தம்பி'ன்னு கூப்புடுண்ணே."

"பிழையெல்லாம் இல்லீங்க. நீங்க சரியாத்தானே சொன்னீங்க."

"கூப்புடுண்ணே."

அவன் முயன்றான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வீம்பு பிடித்த முகம் எனக்குத் தெரியாதா, அவனோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் நான். அது வீம்பு இல்லை. உதடு பிரிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை முயன்றான், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றான். நெற்றியில் வேர்த்துவிட்டது. பிறகு கண்ணைத் திறந்து, செய்யச் சொன்ன வேலையைச் செய்ய முடியாதவன் மாதிரி வெட்கத்தோடு சிரித்தான்.

"வரமாட்டேங்குதுங்க," என்றான். "கோவிச்சுக்காதீங்க, சார்ஜன்ட்."

கோபமில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். பார்வை நேரம் முடிகிற மணி அடிக்கும்வரை அவன் காலைப் பிடித்தபடி இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான்.